குடும்பத்தோடு தீவுக்குப் போகும்போது ஸ்நார்க்கெலிங் செய்ய நல்ல இடம் கண்டுபிடிப்பது எப்படி?

என் மகள் முதல் தடவை மாஸ்க் மாட்டிக்கொண்டு கடலுக்குள் முகம் வைத்தபோது அவளுக்கு ஆறு வயது. இடுப்பளவு தண்ணீர்தான். மூன்று நொடி ஆகியிருக்காது, குழாயை வாயில் வைத்தபடியே 'ஊ ஊ' என்று கத்தினாள். அவள் காலுக்குப் பக்கத்தில் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்ன மீன் நின்றிருந்தது. அதற்குத்தான் அவ்வளவு கூச்சல். அதே விடுமுறையில் படகு பிடித்துப் போன, எல்லாரும் சிபாரிசு செய்த இடத்தில் அவள் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அலை தூக்கித் தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதாள். மறுநாள் கடல் பக்கமே வரமாட்டேன் என்றாள்.

அதற்குப் பிறகு தீவுகளுக்குப் போகும்போதெல்லாம் 'சிறந்த பத்து இடங்கள்' பட்டியலை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். ஒரு இடம் நல்லதா என்பதை முடிவு செய்வது அதன் பெயர் இல்லை. அன்றைய காற்று, அந்த நேரத்து நீர்மட்டம், நம்மோடு வந்தவர்களில் நீச்சல் குறைந்தவர் யார், இந்த மூன்றும்தான். இவற்றைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தத் தீவுக்குப் போனாலும் இடத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: ஸ்நார்க்கெலிங் என்பது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, தண்ணீரின் மேல் குப்புற மிதந்தபடி கீழே இருப்பதைப் பார்ப்பது. ஆழத்துக்கு இறங்க வேண்டாம், காற்றுச் சிலிண்டர் வேண்டாம். பவளப்பாறை வாழ்வதற்கு வெயில் வேண்டும் என்பதால் அதன் அழகான பகுதி பெரும்பாலும் மேலேயே இருக்கிறது. 2 மீட்டர் ஆழத்தில் பார்க்கக் கிடைப்பதே ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

முதலில் வீட்டாரைப் பாருங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒரு நாள் எல்லாரையும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யார் யாரால் கால் தரையில் படாமல் 5 நிமிடம் பதற்றமில்லாமல் மிதக்க முடிகிறது? யாருக்கு முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சு வேகமாகிறது? பெரும்பாலும் நாம் நினைத்த ஆளாக இருக்காது. குழந்தைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். நாற்பது வயதில் முதல் தடவை வாயால் மூச்சு விடப் பழகும் பெரியவருக்குத்தான் நேரம் வேண்டும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது. குழாய் வழியாக மூச்சு இழுப்பதற்கு, சாதாரணமாக மூச்சு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இப்படிப் பார்த்ததில் யார் மிகவும் தடுமாறினாரோ, அவருக்கு ஏற்ற இடத்தைத்தான் தேட வேண்டும். நன்றாக நீந்துபவர்கள் இன்னொரு நாள் தனியாகப் போய்க்கொள்ளலாம்.

எந்த மாதம், தீவின் எந்தப் பக்கம்

ஒரு தீவுக்குக் காற்று வந்து மோதும் பக்கம் ஒன்று, காற்று மறைவான பக்கம் ஒன்று. மோதும் பக்கத்தில் அலை, கலங்கல். மறைவான பக்கத்தில் கண்ணாடிபோலத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே சில சமயம் பத்து நிமிடப் பயணம்தான் இருக்கும்.

கரீபியன், ஹவாய் போன்ற இடங்களில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்குத் திசையிலிருந்து ஒரே சீராகக் காற்று வீசும். அதனால் அங்கே பொதுவாக மேற்குக் கரையில் தேடத் தொடங்கலாம். கரீபியனில் இருக்கும் பொனேர் தீவு இதற்கு நல்ல உதாரணம். அதன் கிழக்குக் கரையில் அலை அறைந்துகொண்டே இருக்கும். மேற்குக் கரையில் சாலையோரமாக மஞ்சள் கற்களில் இடத்தின் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம்.

இந்தியப் பெருங்கடலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கதை வேறு. அங்கே பருவக்காற்று ஆண்டுக்கு இரண்டு தடவை திசை மாறும், நல்ல கரையும் அதோடு மாறும். தாய்லாந்தின் மேற்கில் உள்ள சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடிவிடுகிறார்கள். மலேசியாவின் கிழக்கில் உள்ள பெர்ஹென்தியன் தீவுகளில் அதற்கு நேர்மாறாக, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். இது தெரியாமல் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் இறங்கினால், விடுமுறை முழுக்கக் கரையில் உட்கார்ந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே பல சமயம் அந்தப் பருவம்தான்.

காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரலாம். எங்கோ தொலைதூரத்தில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து வந்து சேரும். ஹவாயின் வடக்குக் கரைகள் கோடையில் குளம்போல இருக்கும், குளிர்காலத்தில் அதே இடத்தில் வீட்டு உயரத்துக்கு அலை எழும். கோடையில் எடுத்த படத்தைப் பார்த்து டிசம்பரில் போகக் கூடாது.

மேலிருந்து கடலைப் படிப்பது

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். கூகுள் மேப்ஸில் தீவைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாறுங்கள். கரையோரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள்.

வெளிர் பச்சை கலந்த நீலமாக, சமமாகத் தெரிந்தால் அது ஆழமில்லாத மணல். குளிக்க நல்லது, மீன் குறைவு. அந்த வெளிர் நிறத்துக்குள் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அங்கே பவளமோ கடல் புல்லோ இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பவளத் திட்டின் ஓரம் கரடுமுரடாக, உடைந்து உடைந்து தெரியும். புல்வெளி கம்பளம் விரித்ததுபோல் மெத்தென்று தெரியும். புல்வெளி என்று ஒதுக்கிவிடாதீர்கள், பச்சை ஆமைகள் மேயும் இடம் அதுதான். வெளிர் நிறம் சட்டென்று முடிந்து கருநீலம் தொடங்கும் கோடு பாறையின் விளிம்பு. அதற்கு அப்பால் கடல் திடீரென ஆழமாகிறது. மீன்கள் அதிகம் கூடுவது அந்த விளிம்பில்தான்.

அப்புறம் வெள்ளைக் கோடு. கரையிலிருந்து தள்ளி நீளமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், அலை அங்கேயே பாறையில் மோதி உடைந்துவிடுகிறது என்று பொருள். அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள தண்ணீர் அமைதியாக இருக்கும், குழந்தைகளுக்கு ஏற்ற இடம். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டில் எங்காவது இடைவெளி விட்டு கருநீலமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அது வாய்க்கால். அலைகள் உள்ளே தள்ளிய தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் வெளியே ஓடும். அதன் அருகே குழந்தைகளை விடக் கூடாது.

பிறை வடிவக் கடற்கரை கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் மணல் இருக்கும், இரண்டு முனைகளிலும் பாறை இருக்கும். மணலில் சுலபமாக இறங்கிப் பாறையோரமாக மிதந்து போனால் மீன் கிடைக்கும். புதியவர்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை. முனையைச் சுற்றி அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள், நீரோட்டம் வலுப்பது அங்கேதான்.

ஆறோ ஓடையோ கடலில் கலக்கும் இடத்தை விட்டுவிடலாம். நன்னீரும் சேறும் பவளத்துக்கு ஆகாது. கனமழை பெய்த பிறகு மற்ற கரைகளிலும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளியக் காத்திருப்பது நல்லது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது ஒரு பக்கம், மழைநீரோடு கரையின் அழுக்கும் சேர்ந்து வந்திருக்கும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் ஆலன் கோரல் அட்லஸ் என்ற இலவச வரைபடம் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆழமில்லாத பவளப்பாறைகள் எங்கே, கடல் புல் எங்கே, மணல் எங்கே என்று நிறம் பிரித்துக் காட்டும்.

படத்தில் பாறை இருக்கிறது என்பதாலேயே அது உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கடல் அதிகமாகச் சூடாகும்போது பவளம் தன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. அதற்கு உணவு கொடுப்பதே அந்தப் பாசிதான் என்பதால், சூடு நீடித்தால் பட்டினியால் இறந்துவிடும். 2023-இல் தொடங்கிய வெளுப்பு உலகம் முழுவதையும் பாதித்த நான்காவது வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆகவே 2019-இல் எடுத்த வண்ணப் படங்களை நம்பி இடம் முடிவு செய்யாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் போனவர்கள் எடுத்த படங்கள், எழுதிய குறிப்புகள் ஆகியவற்றைத் தேடுங்கள்.

தங்கும் இடம்

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கக்கூடிய பாறை உள்ள இடத்தில் தங்குங்கள். 'ஹவுஸ் ரீஃப்' என்று சொல்வார்கள். படகு நேரம், கூட்டம், வாந்தி எதுவும் இல்லை. குழந்தைக்குப் போதும் என்று தோன்றினால் அடுத்த நிமிடம் கரையில் இருக்கலாம். ஒரு நாள் காற்று அடித்தால் மறுநாள் காலை இறங்கலாம்.

மாலத்தீவு மாதிரி இடங்களில் எல்லாத் தீவுமே படத்தில் ஒரே மாதிரி அழகாக இருக்கும். உண்மையில் சில தீவுகளைச் சுற்றி அகலமான மணல் லகூன் (கரைக்கும் பாறைக்கும் நடுவே ஆழமில்லாத நீர்) இருக்கும், பாறை விளிம்பு வெகுதூரத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் விளிம்பு கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். பதிவு செய்வதற்கு முன் விடுதிக்கு எழுதி மூன்று கேள்வி கேளுங்கள்: கரையிலிருந்து பாறை விளிம்பு எத்தனை மீட்டர்? நடந்து இறங்க மணல் வழி இருக்கிறதா? கடந்த வெளுப்புக்குப் பிறகு பாறை எப்படி இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதும் விடுதியை நம்பலாம்.

கடலின் கடிகாரம்

இடம் சரியாக இருந்து நேரம் தவறினால் பயன் இல்லை. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். இந்த ஏற்ற இறக்கத்தை ஓதம் என்பார்கள். அந்த ஊரின் ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடலாம், கரையோர விடுதிகளில் கேட்டாலும் சொல்வார்கள்.

வற்றிய நேரத்தில் ஆழமில்லாத பாறைமேல் மிதந்தால் வயிறு உரசும். நமக்குக் கீறல், பவளத்துக்குச் சாவு. முழு ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு இறங்குவது பல இடங்களில் பொருத்தமாக இருக்கும். வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் அப்போது உள்ளே வருகிறது, ஏற்றம் முடியும் நேரத்தில் ஓட்டமும் நின்றுபோகும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுப்பட்ட இரண்டு மணி நேரத்தில் ஓட்டம் மிக வேகமாக இருக்கும். வாய்க்கால் அருகே அந்த நேரத்தில் பெரியவர்களும் இறங்க வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இன்னும் கூடும், ஓட்டமும் கூடும். கரீபியனில் பல இடங்களில் இந்த வித்தியாசம் அரை மீட்டர்கூட இருக்காது, அங்கே இதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு: ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 8 மணிக்கு நன்றாக இருந்தால் நாளை 8.50. இதை மனதில் வைத்து வாரத்தைத் திட்டமிடலாம்.

இதோடு காற்றின் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலம் சூடாகச் சூடாகக் கடற்காற்று எழும். காலையில் கண்ணாடிபோல இருந்த இடம் பிற்பகலில் கலங்கிப்போகும். என் மகள் அழுததற்குக் காரணமும் இதுதான், எங்கள் படகு கிளம்பியது மதியம் 2 மணிக்கு. காலை 8-லிருந்து 11 வரை குடும்பங்களுக்கு ஏற்ற நேரம். வெயிலும் சாய்வாக இல்லாமல் மேலேறியிருக்கும், கீழே நிறங்கள் தெரியும்.

கரையில் பத்து நிமிடம்

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் குழந்தைகள் ஓடுவார்கள். பிடித்து நிறுத்துங்கள். பத்து நிமிடம், முடிந்தால் பதினைந்து நிமிடம், நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் வெகுநேரம் சும்மா இருக்கும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'அமைதியாக இருக்கிறதே' என்று இறங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

என்ன பார்ப்பது? தூரத்தில் பரவலாக வெள்ளை நுரை தெரிகிறதா? தெரிந்தால் காற்று மணிக்கு 20 கி.மீ.க்கு மேல், அன்றைக்குக் குழந்தைகளுக்கு வேண்டாம். கரையில் அலை உடைந்துகொண்டிருக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் உடையாமல் கருமையாக ஒரு பாதை தெரிகிறதா? நுரையும் குப்பையும் அந்தப் பாதையில் வெளிநோக்கிப் போகிறதா? அது கடலுக்குள் இழுக்கும் ஓட்டம். புதியவர்கள் 'இங்கேதான் அலையே இல்லை' என்று நேராக அங்கேயே இறங்குவார்கள். எப்போதாவது அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

காய்ந்த குச்சியோ இலையோ ஒன்றை அலை உடையும் இடத்துக்கு அப்பால் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு வேகம்? குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் காத்திருப்பது அவர்களுக்குக் கஷ்டமாகத் தெரியாது.

இறங்கும் வழியையும் ஏறும் வழியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏறும் வழி இரண்டு இருந்தால் மனது நிம்மதியாக இருக்கும். மற்றவர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்றும் பாருங்கள். நல்ல வெயில் நாளில் அழகான ஒரு கரையில் யாருமே தண்ணீரில் இல்லையென்றால், காரணம் தெரியும் வரை நீங்களும் இறங்காதீர்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

'இங்கே எந்த இடம் பெஸ்ட்?' என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில் வரும், அந்தப் பட்டியலில் இருப்பது. மாஸ்க் வாடகைக்குக் கொடுப்பவரிடமோ டைவிங் சொல்லித்தருபவரிடமோ இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'உங்கள் ஆறு வயதுப் பிள்ளையை நாளைக் காலையில் எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்?' ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்தான் வேண்டும். அடுத்த கேள்வி: 'இங்கே ஆட்கள் மாட்டிக்கொள்வது எந்த இடத்தில்?' மூன்றாவது: 'இந்த மாதம் கொட்டும் ஜெல்லி மீன் வருமா?' ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டல வடக்குக் கரையில் நவம்பரிலிருந்து மே வரை உடம்பை முழுக்க மூடும் உடை இல்லாமல் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட செய்தி உள்ளூர்க்காரருக்குத்தான் முதலில் தெரியும். உயிர்காப்பாளர் இருக்கும் கரை கிடைத்தால் முதல் இரண்டு நாள் அங்கேயே இறங்குங்கள்.

பாதுகாக்கப்பட்ட கடல் பூங்காக்களில் மீன்பிடிக்கத் தடை இருக்கும் என்பதால் மீன்கள் பெரிதாக, பயமில்லாமல் இருக்கும். ஹவாயின் ஹனௌமா விரிகுடாவை 1967-இலேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கிவிட்டார்கள். வருகிறவர்கள் ஒரு சிறு படம் பார்த்த பிறகுதான் கரைக்கு இறங்க முடியும். வாரத்தில் இரண்டு நாள் மீன்களுக்கு ஓய்வு கொடுத்து மூடியும் வைக்கிறார்கள். எனவே இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் முன் திறந்திருக்கும் நாள், முன்பதிவு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொள்வதும் பூசிக்கொள்வதும்

பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. குழந்தைக்குப் பெரியவர் மாஸ்க் எப்படி இறுக்கினாலும் ஒழுகும், ஒழுகினால் அன்றைய நாள் முடிந்தது. குழந்தைக்கு மட்டுமாவது சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். உள்ளே ஒரு முடிகூடச் சிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். பனி படியாமல் இருக்க எச்சிலைத் தடவி அலசினால் போதும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதற்றத்தில் உடனே கழற்றுவது குழந்தைக்குக் கஷ்டம்.

கைநீளச் சட்டை போட்டால் முதுகு வெந்துபோகாது, கிரீமும் குறைவாகவே வேண்டும். பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த கிரீம்களை விற்கக் கூடாது என்று ஹவாயில் 2021 முதல் சட்டம் இருக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லேயே இப்படிப்பட்ட தடையைக் கொண்டுவந்துவிட்டது. துத்தநாக ஆக்சைடு உள்ள கிரீமாகப் பார்த்து வாங்குங்கள். முழங்காலின் பின்பக்கம் பூச மறக்காதீர்கள். எல்லாரும் மறக்கும் இடம் அதுதான்.

நீந்தத் தெரிந்தாலும் குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட். கூடவே கைப்பிடி உள்ள ஒரு மிதவை வளையம், அதில் ஒரு சின்னக் கயிறு. குழந்தை வளையத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கும், நீங்கள் கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்துப் போகலாம். களைத்தால் நீங்களும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இறங்கிய பிறகு

இடுப்பளவு தண்ணீரில் நின்று ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்டுங்கள், பிறகு பின்பக்கமாக நடங்கள். முதல் ஐந்து நிமிடம் நிற்க முடிகிற ஆழத்திலேயே இருங்கள். மூச்சு ஒரு தாளத்துக்கு வரட்டும்.

அடுத்து, அசையாமல் மிதந்துகொண்டு கீழே ஒரு கல்லைக் குறி வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நீங்கள் அதைவிட்டு எந்தப் பக்கம் நகர்கிறீர்களோ, ஓட்டம் அந்தப் பக்கம். போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது களைத்திருப்பீர்கள், கடலே கொண்டுவந்து விடும். எதிர்த்து நீந்தி முன்னேறவே முடியவில்லை என்றால், அன்றைக்கு அந்த இடம் வேண்டாம்.

ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை, கைநீட்டினால் எட்டும் தூரத்தில். இன்னொரு பெரியவர் கரையில் நின்று கடலை மட்டும் பார்க்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமே இல்லாமல் நடந்துவிடும். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் எல்லாரும் தலையை உயர்த்திக் கரையைப் பார்ப்பது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கீழே பார்த்துக்கொண்டே மிதக்கும்போது எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது தெரியவே தெரியாது.

பாறைக்கு அருகே வந்ததும் துரத்தாதீர்கள். ஒரே இடத்தில் மிதந்து நில்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். அப்போது மூச்சை ஒரு நொடி நிறுத்திக் கேளுங்கள். கற்கண்டைக் கடிப்பதுபோல் நறுக் நறுக் என்று ஒரு சத்தம் வரும். கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டி அதன்மேல் இருக்கும் பாசியைத் தின்னும் சத்தம் அது. சுரண்டிய கல்லை அரைத்து மணலாக வெளியே விடும், சிறிது நேரம் பின்னாலேயே போனால் அந்த வெள்ளைப் புகை கிளம்புவதையும் பார்க்கலாம். நாம் கரையில் கோட்டை கட்டி விளையாடும் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். என் மகளிடம் இதைச் சொன்ன பிறகு அவள் ஒரு முழு மணி நேரம் கிளிமீனின் பின்னாலேயே இருந்தாள்.

எதையும் தொடக் கூடாது, எதன்மேலும் நிற்கக் கூடாது. பவளம் கல்மாதிரி தெரிந்தாலும் உயிர். பந்துபோல் இருக்கும் வகைகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு மிதியில் போவது பல ஆண்டு வளர்ச்சி. கூம்பு வடிவச் சிப்பிகளைக் குழந்தைகள் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உயிரோடு இருக்கும் நத்தையின் கொட்டு ஆளையே கொல்லக்கூடியது. மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். மீனுக்கு ரொட்டி போடுவதும் வேண்டாம். பாறைமேல் படரும் பாசியைத் தின்ன வேண்டிய மீன் நம் கையை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகிவிடும்.

படகில்தான் போக வேண்டுமென்றால்

சில இடங்களுக்குப் படகு தவிர வழியில்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் பெரும்பகுதி கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: வழிகாட்டி நம்மோடு தண்ணீரில் இறங்குவாரா? குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? ஏற ஏணி இருக்கிறதா? நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடுவார்களா, மிதவையில் கட்டுவார்களா? காற்று மாறினால் இடத்தை மாற்றுவார்களா? கடைசிக் கேள்விக்கு 'எங்கே போவது என்று காலையில் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்' என்று சொல்கிறவரோடு போங்கள். காலைப் படகே எடுங்கள்.

எப்போது வெளியேறுவது

28 டிகிரி தண்ணீரிலும் குழந்தைகளுக்குக் குளிரும். உதடு நீலம் பாய்ந்தால், பல் தந்தியடித்தால் உடனே கரைக்கு. 30 நிமிடம் போதும், துண்டு போர்த்தி உட்கார வைத்து, வேண்டுமென்றால் மறுபடி இறங்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சும்போதே வெளியே கூட்டி வந்தால் நாளைக்கும் ஆசையோடு வருவார்கள்.

நல்ல இடம் ஒன்று கிடைத்தால் மறுநாள் வேறு இடம் தேடி அலையாமல் அங்கேயே திரும்பப் போங்கள். கரையில் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால், ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு கூரையும் என்று வைத்துக்கொள்வோம், தண்ணீருக்குள் அதே பாறையை மறுபடி கண்டுபிடித்துவிடலாம். கோமாளி மீன், தான் குடியிருக்கும் கடல் சாமந்தியை (பூப்போலத் தெரியும் கடல் உயிர்) விட்டு நகராது. நேற்று பார்த்த அதே மீன் இன்றும் அங்கேயே இருக்கும். மூன்றாவது நாள் காலையில் என் மகள் எங்களுக்கு முன்னால் போய் அந்தப் பாறைக்கு மேலே மிதந்துகொண்டு, விரலால் கீழே காட்டி, குழாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள். பெரியது ஒன்று, சின்னது மூன்று. நேற்றைய கணக்கு அப்படியே இருந்தது.